கறுத்த முன்பல்: பிடுங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எட்டு வருடம் முன்பு வண்டியிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல்லில் அடிபட்டது. இப்போது அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. வலி இல்லை. மேலே ஈறில் அவ்வப்போது சின்னக் கொப்புளம் வந்து தானாக உடைகிறது. பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: வேர் உடையாமல், பல் ஆடாமல் இருந்தால் பிடுங்க வேண்டியதில்லை.

நிறம் மாறியதை மட்டும் வைத்துப் பல் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடிபட்ட பல் மஞ்சளானால், உள்ளே கால்சியம் படிந்து நரம்புக் குழாய் சுருங்கியிருக்கலாம். அதைப் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். உங்களுக்குச் சாட்சி அந்தக் கொப்புளம். வேர் நுனியில் சேரும் சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறுகிறது. அழுத்தம் ஏறாததால்தான் வலி இல்லை. கொப்புளத்தின் வாயில் மெல்லிய கட்டாபெர்ச்சா (வேரை அடைக்கப் பயன்படும் ரப்பர் போன்ற பொருள்) குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தால், அது எந்த வேரில் போய் முட்டுகிறது என்று தெரியும். பக்கத்துப் பற்களுக்கும் அடிபட்டிருக்கலாம், எனவே குளிர் சோதனையை (பல்லில் குளிர்ச்சியை வைத்து, நரம்பு உணர்கிறதா என்று பார்ப்பது) அவற்றிலும் செய்யச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் மாத்திரையில் கொப்புளம் அடங்கும், பிறகு திரும்பும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

தேவைப்படுவது ரூட் கேனால். பல்லின் பின்புறம் துளையிட்டு, வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மி.மீ. முன்பு வரை சுத்தம் செய்வார்கள். அரத்தால் சுரண்டுவதைவிட முக்கியம், கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவது. அப்போது பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டாயம். பிறகு கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை ஓரிரு வாரம் உள்ளே வைத்து, கொப்புளம் ஆறியதும் கட்டாபெர்ச்சாவால் அடைப்பார்கள். இடையில் தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்; எச்சில் உள்ளே இறங்கினால் செய்த வேலை வீண்.

கறுப்புக்கு உடனே கேப் போட வேண்டாம். கடைவாய்ப் பல்லாக இருந்தால் மெல்லும்போது பிளக்கலாம், அதற்குப் பெரும்பாலும் கேப் அவசியம். பெரிதாக உடையாத முன்பல்லுக்கு அப்படியில்லை. உள்ளிருந்தே வெளுக்கலாம். ஈறு மட்டத்துக்குக் கீழே சுமார் 2 மி.மீ. வரை கட்டாபெர்ச்சாவை எடுத்து, அதன் மேல் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்டால் தடுப்பு வைத்து, தண்ணீரில் குழைத்த சோடியம் பெர்போரேட் என்ற வெளுக்கும் பொடியை நிரப்பி மூடுவார்கள். வாரம் ஒருமுறை மாற்றினால் இரண்டு முதல் நான்கு தடவையில் நிறம் தெளியும். தடுப்பு வைக்காமலோ, அடர் பெராக்சைடைச் சூடாக்கியோ செய்தால் வேரின் கழுத்துப் பகுதி அரித்துப்போகும் ஆபத்து உண்டு. நிறம் வந்த பிறகும் ஓரிரு வாரம் விட்டுத்தான் துளையை மூட காம்போசிட் (பல் நிற அடைப்பு) வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியாக ஒட்டாது.

ஆறு மாதம், ஒரு வருடத்தில் எக்ஸ்ரே எடுங்கள். வேர் நுனியில் தெரியும் கறுப்பு நிழல் சுருங்காவிட்டால் மறுபடி ரூட் கேனால், அல்லது வேர் நுனியில் 3 மி.மீ. வெட்டி அடைக்கும் சிறு அறுவை. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பிடுங்குவதுதான் சரி.

இதற்கிடையில் முகம் வீங்கிக் காய்ச்சலும் விழுங்கச் சிரமமும் வந்தால், பல் மருத்துவருக்குக் காத்திராமல் அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.