மவுண்டன் கோட்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பழைய கசெற் பாட்டுகள் மாதிரி வேறு இசையை எப்படித் தேடுவது?

முதல் வேலையாக, "லோ-ஃபை" (சாதாரணக் கருவியில் கரகரப்போடு பதிந்த இசை) என்று மட்டும் அடித்துத் தேடுவதை விடுங்கள். சோதனைக்குப் படிக்கிற பெடியளுக்கென்று போட்ட நித்திரைத் தாளங்கள்தான் மணிக்கணக்கில் வரும். பாட்டுச் செயலி தானாக எடுத்துத் தருவதும் அப்படித்தான். கிற்றார், ஆண் குரல், கொஞ்சம் சோகம், அவ்வளவுதான் அதற்குப் பிடிபடுகிறது. நீங்களும் அதில் அலுத்துப்போய்த்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கைகொடுத்த வழி வேறு. பாட்டு எதைப்போல இருக்கிறது என்று பார்ப்பதில்லை. யார், எந்தப் பெட்டியில் பதிந்தார்கள், யார் வெளியிட்டார்கள், அவர்கள் யாரை மதிக்கிறார்கள் என்று துருவிக்கொண்டு போவேன்.

மவுண்டன் கோட்ஸின் பாடகர் ஜோன் டார்னியலின் அந்தப் பழைய பாட்டுகளில் பல, பனசொனிக் றேடியோ கசெற் பெட்டி ஒன்றில் பதிந்தவை. பெட்டிக்குள் மோட்டார் சுற்றும் கரகரப்பும் பாட்டோடு சேர்ந்தே பதிந்திருக்கும். அதை முதன்முதலில் கேட்டபோது பாடுகிற ஆள் யார், எந்த நாடு என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. பெட்டி எனக்குத் தெரிந்த பெட்டி.

யாழ்ப்பாணத்தில் 90களில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்டோம். எங்கள் வீட்டில் எந்தப் பாட்டு என்பது அண்ணையின் பொறுப்பு, சுற்றுவது என்னுடையது. கசெற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும் என்பதெல்லாம் பிறகு படித்தது. கை உளைந்து நான் மெதுவாகச் சுற்றினால் ஜேசுதாஸின் குரல் இழுபட்டுத் தடித்துக்கொண்டே போகும், அண்ணை தலையில் குட்டுவார் என்பதுதான் அப்போது தெரிந்தது. பாட்டின் வேகம் என் தோள்மூட்டில் இருந்தது.

உடனே ஒருவர் வந்து, "கஷ்டத்தை ரசனையாக்குகிறான்" என்று எழுதுவார். இல்லை ஐயா. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான். டார்னியலும் வசதி வந்தபோது ஸ்ரூடியோவுக்குப் போனவர்தான். 2002இல் 4ஏடி என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்காகச் செய்த இசைத்தட்டில் அந்தக் கரகரப்பு இல்லை. அதற்காக அவரை நொந்துகொள்கிற ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்த பிறகும் சைக்கிள் சுற்று என்று கேட்பது மாதிரி இருக்கிறது. இன்னொருவர், "தமிழில் இல்லாத பாட்டா?" என்பார். ஈழத்துப் பொப் பாடகர் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடியதை இலங்கை வானொலியில் கேட்ட வீட்டில் பிறந்தவன்தான் நானும். இரண்டையும் கேட்கக் காது போதும்.

சரி, தேடலுக்கு வருவோம். எனக்குக் கதவைத் திறந்தது 2009இல் வந்த "ஸ்ட்ரோக்" என்ற தொகுப்பு. நியூசிலாந்துப் பாடகரான கிறிஸ் நொக்ஸ் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவருக்கு உதவுவதற்காக அவருடைய பாட்டுகளையே பலர் பாடிக் கொடுத்தார்கள். மவுண்டன் கோட்ஸ் இருக்கிறது. நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் ஜெஃப் மாங்கம், யோ லா டெங்கோ குழு எல்லாம் அதில் உண்டு. உங்களுக்குப் பிடித்தவர்களுக்கு யாரைப் பிடிக்கும் என்ற பட்டியல் அப்படியே கையில் கிடைக்கிறது. இதைவிட நல்ல பரிந்துரை எந்தச் செயலியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்து நொக்ஸின் டோல் ட்வார்ஃப்ஸ் குழுவுக்குப் போனேன். இரண்டே பேர், ட்றம்ஸ் அடிக்க ஆளில்லை. கைதட்டலையும் கையில் அகப்பட்ட சாமான்களைத் தட்டுவதையும் நாடாவில் சுழலவிட்டுத் தாளமாக்கியிருப்பார்கள். நொக்ஸின் நான்கு தடப் பதிவுக்கருவியில்தான் கிளீன் என்ற நியூசிலாந்துக் குழுவின் ஆரம்பப் பதிவுகளும், அந்த நாட்டு டனீடின் நகரத்து நான்கு குழுக்கள் சேர்ந்து 1982இல் வெளியிட்ட இசைத்தட்டும் பதிவாகின. அவற்றை வெளியிட்டது 1981இல் தொடங்கிய ஃப்ளையிங் நன் என்ற நிறுவனம். தொடக்கியவர் கிறைஸ்ட்சேர்ச்சில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் றெக்கோடிங் பார்க்காரர் ஞாபகம் வந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கசெற்றில் அடித்துத் தருவார். பக்கம் முடிய இடம் மிஞ்சினால் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டுவிடுவார். நான் கேட்காமலே எனக்குப் பிடித்துப்போன பாட்டுகள் அந்த மிச்ச இடத்தில் வந்தவை.

இதையெல்லாம் நான் கேட்டது நடுச்சாமத்தில். காரணம் ரசனை இல்லை, டேட்டா. இவ்வளவு ஜிபி என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போடுவார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பங்கு இரவு டேட்டா. பன்னிரண்டு மணிக்குப் பிறகு யார் முழித்திருப்பது? விடிய வேலைக்குப் போகிறவன் காசு கட்டிவிட்டுப் பாவிக்காமலே மாத முடிவில் இழக்க வேண்டியதுதான். முறைப்பாடு செய்ய எடுத்தால் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறார்கள், அந்தப் பாட்டும் சகிக்காது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

நியூசிலாந்து ஒத்துவராவிட்டால் ஷ்ரிம்பர் என்ற சின்ன வெளியீட்டாளரைப் பிடியுங்கள். மவுண்டன் கோட்ஸின் முதல் கசெற்றுகள் அங்கே வந்தவைதான். கூடவே றெஃப்ரிஜிரேட்டர் என்ற குழுவும் மாட்டும். அதுவும் சரிவராவிட்டால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து கைடட் பை வொய்சஸ் குழு. பாடகர் றொபேட் பொலாட் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1994இல் வந்த அவர்களுடைய "பீ தவுசண்ட்" தொகுப்பில் 20 பாட்டுகள், எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்கூட வராது. ஒன்று பிடிக்கவில்லை என்று நீங்கள் முடிவெடுக்கிறதுக்குள் அடுத்தது தொடங்கிவிடும்.