எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

கேள்வி: சான் டியேகோவில் இருபது வருஷமாக இருக்கிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ரூபியோஸ் என்ற மெக்சிகன் உணவகம் 2024இல் கலிஃபோர்னியாவில் 48 கிளைகளை ஒரேயடியாக மூடிவிட்டு, திவால் மனுவும் கொடுத்தது. துரித உணவுக் கடை ஊழியர்களுக்கு மணிக்கு 20 டாலர் சம்பளம் என்று சட்டம் வந்ததுதான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
- ஒரு வாசகர், சான் டியேகோ

பதில்: 'கிளை' என்று ஒரு வார்த்தை போட்டீர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன், இறங்கக் கொஞ்ச நேரமாகும்.

நம் பக்கத்தில் அல்வாக் கடை, மெஸ் எங்கே போனாலும் ஒரு பலகை தொங்கும்: 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை'. தான் வளரவில்லை என்பதைக் காசு கொடுத்துப் பெயின்ட் அடித்து வைக்கிற வியாபாரிகள் நம்மவர்கள். ஓர் ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரே பெயரில் வரிசையாக மூன்று அல்வாக் கடைகளைப் பார்த்தேன். முதல் கடையில் 'வேறு கிளைகள் இல்லை'. இரண்டாவதில் 'வேறு எங்குமே கிளைகள் இல்லை'. மூன்றாவதில் 'பக்கத்துக் கடைக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை'. நடுக்கடை அண்ணாச்சியிடம் விசாரித்தேன். "அவரு என் தங்கச்சி மாப்பிள்ளைதான். சம்பந்தம் பண்ணிட்டுத்தான் சம்பந்தம் இல்லைன்னு எழுதி வச்சிருக்காரு" என்றார். அந்தப் பதிலுக்காகவே அரைக் கிலோ கூடுதலாக வாங்கினேன்.

பழந்தமிழில் கிளை என்றால் சுற்றத்தார் என்றும் பொருள் உண்டு. இதைச் சொல்லிக்கொடுத்த புலவர் நண்பர், நான் 'உணவகம்' என்று எழுதாமல் 'ஓட்டல்' என்றே எழுதுகிறேன் என்பதற்காகப் பதினோரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. உங்கள் கேள்வியில் 'உணவகம்' இருக்கிறது. இந்த இதழை அவர் இரண்டாவது முறையும் படிப்பார்.

சரி, ரூபியோஸ். ரால்ஃப் ரூபியோ மாணவராக இருந்தபோது எல்லை தாண்டி மெக்சிகோவில், பாஹா கலிஃபோர்னியாவின் சான் ஃபெலிப்பேக்கு விடுமுறைக்குப் போனவர். அங்கே தள்ளுவண்டி மாதிரியான சின்னக் கடைகளில் மாவில் தோய்த்துப் பொரித்த மீனைச் சோள ரொட்டியில் வைத்து, முட்டைக்கோசும் வெள்ளை சாஸும் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். அதுதான் மீன் டாக்கோ. அதில் மயங்கிச் செய்முறையைக் கேட்டு வாங்கி வந்தார். 1983இல் அப்பாவின் பணத்தோடு மிஷன் பே பக்கத்தில் முதல் கடை. மீன் டாக்கோ என்றால் முகம் சுளித்த ஊருக்கு அதையே ஊர்ச் சாப்பாடு ஆக்கினார். சின்னச் சாதனை இல்லை.

1999இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். 2010இல் ஒரு முதலீட்டு நிறுவனம் சுமார் 9 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கியது. பலகையில் பெயர் ரூபியோ, கல்லாச் சாவி இன்னொருவர் கையில். அந்தப் பலகையையும் பாருங்கள். ஆரம்பத்தில் 'மீன் டாக்கோவின் வீடு'. அப்புறம் 'ஃப்ரெஷ் மெக்சிகன் கிரில்'. கடைசியில் 'கோஸ்டல் கிரில்'. முதலில் மீனைக் காணோம், பிறகு மெக்சிகோவைக் காணோம், கடற்கரை மட்டும் மிச்சம். பெயரைத் திருத்தித் திருத்தி ஒன்றுமில்லாமல் ஆக்குவது பத்திரிகை ஆசிரியர்களின் வியாதி. அது ஓட்டல்காரர்களுக்கும் தொற்றும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது உங்கள் நண்பர்கள். 20 டாலர் சட்டம் அமலுக்கு வந்தது 2024 ஏப்ரல் 1. அதற்கு முன் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி 16 டாலர். கடைகள் மூடியது மே மாதக் கடைசியில், மனு ஜூன் முதல் வாரத்தில். நிர்வாகமும் கலிஃபோர்னியாவில் கடை நடத்தும் செலவு ஏறிவிட்டது என்றுதான் சொன்னது. கால்வாசி கூலி உயர்ந்தால் கணக்கு இடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் 2020 அக்டோபரிலேயே ஒருமுறை திவால் மனு கொடுத்தவர்கள். கொலராடோவிலும் ஃபுளோரிடாவிலும் இருந்த கடைகளை அந்த ஆண்டே இழுத்து மூடியவர்கள். இரண்டாவது மனுவின்போது கடன் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல். பாத்திரம் தேய்க்கிறவர் இரண்டே மாதத்தில் வாங்கிய நாலு டாலர் கூடுதல் கூலி இத்தனையையும் முழுங்கியது என்றால், அவருக்குச் சம்பளத்தோடு பட்டமும் கொடுக்க வேண்டும்.

பேச்சிலராக இருந்தபோது ஒரு மெஸ்ஸில் மாதக் கணக்கில் சாப்பிட்டேன். முதலாளியே பரிமாறுவார். ரசத்தில் உப்பு கூடிவிட்டால் அவர் முகத்தில் முன்னாலேயே தெரியும். ஐந்தாவது கிளை திறந்த வருஷம் ரசம் வேனில் வர ஆரம்பித்தது. உப்பு கூடினால் யாரை முறைப்பது, வேன் டிரைவரையா?

ரூபியோஸில் கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா மூன்றிலுமாக 86 கடைகள் தப்பின. கடன் கொடுத்தவர்களே கம்பெனியை வாங்கிக்கொண்டார்கள். உங்கள் தெருப் பக்கத்தில் ஒன்று மிஞ்சியிருந்தால் போய் ஒரு மீன் டாக்கோ சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள். எழுதும்போது 'ஓட்டல்' என்று போடுங்கள். இந்தப் பக்கம் எனக்கும் ஒரு ஆள் வேண்டும்.