வாசகர் கேள்வி–பதில்: மாங்கொட்டைக் கொழுப்பும் லேசர் கருவியும்

கே: மாங்கூழ் ஆலையில் மிஞ்சும் கொட்டையின் பருப்பிலிருந்து கொழுப்பு எடுத்து மால்டி-டாஃப் கருவியில் (லேசரால் மூலக்கூறுகளை அயனியாக்கி எடை காட்டுவது) பார்த்தோம். எடை எண் 200 முதல் 400 வரை ஒரே குப்பை. சாம்பிள் வைக்காத புள்ளியிலும் 255, 283-இல் பீக் வருகிறது. ஏன்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

ப: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். குப்பைக்குக் காரணம் மேட்ரிக்ஸ், அதாவது லேசர் ஒளியை உறிஞ்சுவதற்காகச் சாம்பிளோடு கலக்கும் பொருள். புரதத்துக்கு வைக்கும் டிஹெச்பி, சிஹெச்சிஏ இரண்டின் சொந்த பீக்குகளும் கொழுப்பு அமிலங்கள் வரும் இடத்திலேயே விழும். 9-அமினோஅக்ரிடினுக்கு மாறுங்கள். ஐசோபுரோப்பனால் 60, அசிட்டோநைட்ரைல் 40 பங்கு கலவையில் மில்லிக்கு 10 மி.கி. கரைத்து நெகட்டிவ் மோடில் (எதிர்மின் அயனிகளைப் பார்க்கும் முறை) ஓட்டுங்கள். அதன் பெரிய பீக் 193-இல் நின்றுவிடும். புள்ளிக்கு அரை மைக்ரோலிட்டர் போதும். கூடினால் ஸ்டீல் பிளேட்டில் பரவிப் பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். லேசர் சக்தி, பீக் தெரியத் தொடங்கும் அளவுக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

அடுத்து, வெற்றுப் புள்ளியில் வரும் பீக்குகள். 255 பால்மிடிக் அமிலம், 283 ஸ்டியரிக் அமிலம். பிளாஸ்டிக் டிப், ட்யூப், கையுறை, விரல் எல்லாவற்றிலிருந்தும் இவை ஒட்டிக்கொள்ளும். குளோரோஃபார்ம்–மெத்தனால் (2:1) ஊற்றிக் கழுவிய கண்ணாடிக் குப்பியும் கண்ணாடி சிரிஞ்சும் மட்டுமே பயன்படுத்துங்கள். கொழுப்பே சேர்க்காமல் எல்லாப் படியும் கடந்த ஒரு பிளாங்க் ஒவ்வொரு முறையும் கட்டாயம். அதில் வரும் 283, சாம்பிளில் வருவதில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அன்றைய எண்களை நம்ப வேண்டாம்.

கே: கொழுப்பை அப்படியே கரைத்து வைக்கலாமா, சோப்பாக்க வேண்டுமா?
– வாசகர், பர்கூர்

ப: அப்படியே வைத்தால் பிரிந்து கிடக்கும் அமிலம் மட்டுமே தெரியும். கொட்டை ஈரத்தோடு குவிந்து கிடந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும். லைபேஸ் நொதி கொழுப்பை உடைத்திருக்கும். ஆலைக்காரர்களுக்கு இதுவே முதலில் தெரிய வேண்டியது.

மொத்த அமிலங்களும் வேண்டுமானால் சோப்பாக்க வேண்டும், அதாவது காரத்தால் கொழுப்பை உடைக்க வேண்டும். 10 மி.கி. கொழுப்போடு, ஒப்பிட்டுக் கணக்கிட, எடை தெரிந்த ஹெப்டாடெக்கனாயிக் அமிலத்தை (பீக் 269) முதலிலேயே சேருங்கள். 95 சதவீத எத்தனாலில் கரைத்த 0.5 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1 மில்லி ஊற்றி, மூடி இறுக்கி, 70 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆறியதும் தண்ணீர் 1 மில்லி, பிறகு பிஹெச் 2 வரும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹெக்ஸேனில் பிரித்து, மேலடுக்கை நைட்ரஜனில் உலர்த்துங்கள். தண்ணீரே இல்லாத ஆல்கஹாலில் செய்தால் ஒரு பகுதி எஸ்டராக நின்றுவிடும். அது நெகட்டிவ் மோடில் தெரியாது, கணக்கு குறையும். மாங்கொட்டைக் கொழுப்பில் 283-உம் ஒலிக் அமிலத்தின் 281-உம் ஓங்கி நிற்க வேண்டும்.

கே: செக்குக் கடலை எண்ணெயில் பாமாயில் கலப்பு தெரியுமா?
– வாசகர், பென்னாகரம்

ப: தாராளக் கலப்பு தெரியும். பால்மிடிக் கடலை எண்ணெயில் 10 சதவீதம் அளவில், பாமாயிலில் 44 அளவில் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 10 என்பது 17-ஐ நெருங்கும். கடலைக்கே உரிய நீள அமிலங்களான 339, 367 பீக்குகளும் கூடவே சிறுத்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, இயற்கையிலேயே சிறிதளவு கலந்திருக்கும் கார்பன்-13, ஆக்சிஜன்-18 போன்ற கனமான அணுக்கள். ஒலிக்கின் 281 பீக்கில் சுமார் 2.3 சதவீதம் 283-இல் போய் விழும். சாதாரண டாஃப் அதைப் பிரிக்காது. ஒலிக் 50, ஸ்டியரிக் 3 உள்ள எண்ணெயில் அந்த 3 என்பது 4-க்கு மேலாகத் தெரியும். மாங்கொட்டையில் இது பொருட்டில்லை. கடலையில் கழித்தே ஆக வேண்டும். அயனியாகும் திறனும் அமிலத்துக்கு அமிலம் மாறுவதால், அளவு தெரிந்த கலவை ஒன்றை அதே பிளேட்டில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

ஒலிக்குக்கும் அதன் டிரான்ஸ் வடிவத்துக்கும் எடை ஒன்றே என்பதால் இந்தக் கருவி பிரித்துக் காட்டாது. டிரான்ஸ் கொழுப்புக்கும், புகார் கொடுக்கத் தேவையான எண்ணுக்கும் மீதைல் எஸ்டராக்கி கேஸ் குரோமட்டோகிராஃபியில் பார்ப்பதே சரி.