வெயிலைப் பிரித்து மின்சாரம் எடுப்பது ஏன்?

கேள்வி: சூரிய மின்தகட்டின் முதுகில் வெப்பமின் கருவியை ஒட்டிவிட்டால் வீணாகும் சூட்டையும் மின்சாரமாக்கலாமே, அப்படியிருக்க, ஒளியை முதலிலேயே அலைநீளவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வது ஏன்?

பதில்: ஒட்டினாலும் மின்சாரம் வரும், ஆனால் மிகச் சொற்பமாகவே வரும். சிலிக்கன் மின்கலம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் அதன் திறனில் சுமார் 0.4 விழுக்காடு குறைகிறது. வெப்பமின் கருவியோ, 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவின்படி, ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால்தான் வேலை செய்யும். இன்று பரவலாகப் பயன்படும் பிஸ்மத் டெலுரைடு என்னும் குறைகடத்தியாலான கருவியின் குளிர்பக்கம் 27 டிகிரியிலும் சூடான பக்கம் 57 டிகிரியிலும் இருந்தால், உள்ளே பாயும் வெப்பத்தில் 2 விழுக்காடுகூட மின்சாரமாவதில்லை. சூடான பக்கத்தை 227 டிகிரிக்கு உயர்த்தினால் 8 விழுக்காடு வரை எட்டலாம். அந்தச் சூட்டில் சிலிக்கன் மின்கலத்தால் பயனில்லை. ஆகவே இரண்டையும் ஒட்டி வைத்தால், ஒன்றுக்கு நன்மை செய்வது மற்றொன்றுக்குக் கேடாகிறது.

பிரித்து வைத்தால் இந்த முரண் தீர்கிறது. ஏறத்தாழ 1,100 நானோமீட்டரைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளிக்குச் சிலிக்கனில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கும் ஆற்றல் கிடையாது. தரையை எட்டும் சூரிய ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. டைட்டானியம் டைஆக்சைடையும் சிலிக்காவையும் மெல்லிய படலங்களாக மாற்றி மாற்றிப் பூசிய கண்ணாடி, படலங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால், அந்த அகச்சிவப்பை மட்டும் திருப்பி வெப்பமின் கருவிக்கு அனுப்பிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மின்கலத்துக்கு விட்டுவிடுகிறது.

எந்த அலைநீளத்தில் வெட்டுவது என்பதே இதில் மிகவும் நுட்பமான முடிவு என்பேன். புற ஊதாவையொட்டிய 400 நானோமீட்டர் ஒளியணுவின் (ஃபோட்டானின்) ஆற்றலில் பெரும்பகுதி சிலிக்கனுக்குள் சூடாகவே போய்விடுகிறது என்பதால் அதையும் வெப்பப் பக்கம் திருப்பலாம் என்று தோன்றும். ஆனால் மின்கலம் அதிலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாகத் தரும்போது, 8 விழுக்காடு மட்டுமே தரும் கருவியிடம் அதை ஒப்படைப்பதில் நியாயமில்லை. 1,000 நானோமீட்டரையொட்டிய அலைநீளங்களைச் சிலிக்கன் மிகக் குறைந்த இழப்போடு பயன்படுத்துகிறது. அவற்றைக் கைவிடவே கூடாது.

கேள்வி: வீட்டுக் கூரைகளில் இதை எதிர்பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதிர்பார்க்க முடியாது. ஐந்தில் ஒரு பங்கு ஒளியில் 8 விழுக்காடு என்றால், மொத்தச் சூரிய ஆற்றலில் 1.6 விழுக்காடுதான் கூடுதலாகக் கிடைக்கும். 20 விழுக்காடு திறனுள்ள மின்கலத்துக்குச் செல்ல வேண்டிய ஒளியில் இருபதில் ஒரு பங்கை அந்தக் கண்ணாடி தவறவிட்டாலே, அந்த ஆதாயத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அத்துடன் 200 டிகிரிக்கு மேல் சூடேற்ற ஒளியைக் குவித்தாக வேண்டும். குவிக்கும் அமைப்புகள் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்ப வேண்டும், மேகம் சிதறவிட்ட ஒளி அவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படாது. ஒளி சாய்வாக விழும்போது கண்ணாடி வெட்டும் எல்லையும் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆயினும், வெப்பமின் கருவியைக் கடந்து வரும் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் குளிர்பக்கத்து நீர் ஏந்திச் செல்கிறது; அந்த நீரைச் சற்று அதிகச் சூட்டிலேயே ஓடவிட்டு, வெந்நீரோ உலர்த்தும் வெப்பமோ அன்றாடம் தேவைப்படும் தொழிற்கூடங்களில் பயன்படுத்தினால், மின்சாரத்தில் சிறிது குறைந்தாலும் இத்தகைய அமைப்பின் கணக்கு கட்டுப்படியாகக்கூடும்.