ஹைட்டிக்கு இவ்வளவு உதவி போயும் அந்த நாடு ஏன் எழவில்லை?

கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி ஏன் இன்னும் ஏழை நாடாகவே இருக்கிறது, 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோடி கோடியாகப் போன பணம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். ஊழல், ஆளத் தெரியாத தலைவர்கள் என்று பதில் சொல்பவர்கள் பலர். ஊழல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். ஹைட்டி எனக்கு அறிமுகமானதே ஒரு பன்றி நோய் வழியாகத்தான். அங்கிருந்தே சொல்கிறேன்.

ஹைட்டியின் கிராமங்களில் கிரியோல் பன்றி என்றொரு இனம் இருந்தது. கறுப்பாக, சிறியதாக இருக்கும். தீவனம் வாங்கிப் போட வேண்டியதில்லை. விழுந்த மாம்பழம், சமையல் கழிவு, மண்ணில் கிடக்கும் புழு பூச்சி என்று தானே மேய்ந்து வளரும். வெயிலைத் தாங்கும், சில நாள் பட்டினியையும் தாங்கும். விவசாயக் குடும்பத்துக்கு அதுதான் சேமிப்பு. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் ஒன்றை விற்பார்கள். கல்யாணம், சாவு, திடீர் வைத்தியச் செலவு, எல்லாவற்றுக்கும் அதுதான் கை கொடுக்கும்.

1978-ல் பக்கத்து டொமினிகன் குடியரசில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. அடுத்த ஆண்டே ஹைட்டிக்குள் நுழைந்தது. இந்த நோய்க்கு அன்று தடுப்பூசி கிடையாது. பரவாமல் தடுக்க ஒரே வழி, பன்றிகளைக் கொல்வது. வட அமெரிக்கப் பன்றித் தொழிலுக்குள் நோய் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில், அமெரிக்கா முன்நின்று பணம் கொடுத்து, 1980-களின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த கிரியோல் பன்றிகளை ஏறக்குறைய முழுவதுமாக அழிக்க வைத்தது. நோயைக் கட்டுப்படுத்தும் முறை என்ற அளவில் இதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். கோபம் வருவது அடுத்து நடந்ததை நினைத்தால்தான்.

இழப்பீடு பலருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பதிலுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் அயோவா மாநிலப் பன்றிகளை. அவற்றுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், கூரை போட்ட தொழுவம் வேண்டும், விலைக்கு வாங்கும் தீவனம் வேண்டும். வளர்ப்பவனுக்கே குடிநீர் கிடைக்காத ஊரில் இது எப்படி நடக்கும்? கிராமத்தார் அவற்றை ‘நான்கு கால் இளவரசர்’ என்று அழைத்தார்கள். பல வீடுகளில் அந்த இனம் நிலைக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு நின்றது, பணத்துக்காக மரத்தை வெட்டிக் கரி சுட்டு விற்பது கூடியது. ஒரு குடும்பத்தின் கையிருப்பு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தால் பராமரிக்க முடியாத ஒன்றைக் கொடுத்ததற்குப் பெயர் ‘வளர்ச்சித் திட்டம்’. பிற்பாடு வேறு இனங்களைக் கலந்து உள்ளூருக்கு ஏற்ற பன்றியை உருவாக்கினார்கள். ஆனால் இடையில் போன ஆண்டுகள் போனவைதான்.

அடுத்தது அரிசி. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கு ஹைட்டியின் நெல் வயல். 1980-கள் வரை அந்த நாடு தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. 1986-ல் டுவாலியே குடும்ப சர்வாதிகாரம் விழுந்த பிறகு, பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) நெருக்குதலில் சந்தையைத் திறந்துவிட்டார்கள். 1991-ல் ராணுவம் விரட்டிய அதிபர் அரிஸ்டிட், 1994-ல் அமெரிக்கப் படையின் துணையோடு திரும்பினார். அதற்கான பேரத்தில் பொருளாதார நிபந்தனைகளும் இருந்தன. 1995-ல் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு வந்தது. எதிரே நின்றது அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி. சந்தையில் அதற்கு ‘மயாமி அரிசி’ என்று பெயர். உள்ளூர் நெல் விலை போகவில்லை. வயலை விட்டவர்கள் தலைநகர் போர்ட்டோ பிரின்சின் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள். இன்று அந்த நாட்டில் சாப்பிடும் அரிசியில் ஐந்தில் நான்கு பங்கு இறக்குமதி.

இதைச் சொல்வது நான் மட்டும் இல்லை. 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனே ஒப்புக்கொண்டார்: தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு அந்தக் கொள்கை நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது தவறு, ஹைட்டி தன் மக்களுக்கு உணவு விளைவிக்கும் திறனை இழந்ததற்குத் தானும் காரணம் என்றார். நேர்மையான பேச்சுதான். ஆனால் அதற்காக யாரும் ஹைட்டி விவசாயிகளுக்கு எதையும் திருப்பித் தரவில்லை.

இதை எல்லாம் எதிர்த்து நிற்க ஒரு வலுவான அரசு ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு 1825-க்குப் போக வேண்டும். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அடிமைகள் தாங்களே போராடி 1804-ல் உண்டாக்கிய நாடு இது. இருபத்தொரு ஆண்டு கழித்து பிரான்ஸ் 14 போர்க்கப்பல்களை அனுப்பி, பறிபோன ‘சொத்துக்கு’ 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. அந்தச் சொத்தில் விடுதலை பெற்ற மனிதர்களும் அடக்கம். முதல் தவணையைக் கட்டவே பிரெஞ்சு வங்கிகளில் கடன் வாங்க வேண்டி வந்தது. பிறகு தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அதிலிருந்து கிளைத்த கடன்கள் 1947 வரை நீண்டன. 1914-ல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் தேசிய வங்கியில் இருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1915 முதல் 1934 வரை நேரடி அமெரிக்க ஆக்கிரமிப்பு. பள்ளியும் சாலையும் கட்ட வேண்டிய தலைமுறைகளின் காபி வரிப் பணம் வட்டிக்குப் போயிற்று.

சரி, 2010 பணம்? அந்த ஆண்டு வந்த மனிதாபிமான நிதியில் ஹைட்டி அரசின் கைக்குப் போனது சுமார் 1 சதவீதம். மற்றதெல்லாம் வெளிநாட்டு அமைப்புகள், ஐ.நா., ஒப்பந்தக்காரர்கள் வழியாகச் செலவானது. அரசை நம்ப முடியாது என்பது அவர்கள் வாதம். அப்படி ஒதுக்கி ஒதுக்கியே அந்த அரசு இன்னும் நோஞ்சானாகிறது. நிலநடுக்கம் தெற்கில் நடந்தது. பெரிய திட்டமாக விளம்பரப்படுத்திய கராகோல் ஆடைத் தொழிற்பூங்காவோ நாட்டின் வடக்கில், விளைநிலத்தின் மேல் எழுந்தது. வாக்களித்த 65,000 வேலைகளில் ஒரு சிறு பகுதிதான் வந்தது.

அதைவிடக் கொடுமை காலரா. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆர்ட்டிபோனிட் ஆற்றுக்குள் போய், 2010 அக்டோபரில் நோய் வெடித்தது. கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்கவே 2016 டிசம்பர் ஆயிற்று. இதே படையில் இருந்த இலங்கை வீரர்கள் 100-க்கும் மேற்பட்டோர், சிறுமிகள் உட்படப் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதாக எழுந்த புகாரில் 2007-ல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இலங்கையில் அவர்கள் யாரும் சிறைக்குப் போனதாகச் செய்தி இல்லை. தமிழர்களான நாம் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளூர் மேல்தட்டை நான் காப்பாற்றவில்லை. இறக்குமதியில் கொழித்த வணிகக் குடும்பங்களுக்கு அந்த 3 சதவீத வரி இனித்தது. டுவாலியேக்கள் கொள்ளையடித்தார்கள், கொன்றார்கள். வீட்டில் எல்லாரும் ஹைட்டிய கிரியோல் மொழி பேசும் நாட்டில், பிள்ளைகளைப் பிரெஞ்சில் படிக்க வைத்துத் தோற்கடிக்கும் பள்ளிகளை நடத்துவதும் உள்ளூர்க்காரர்கள்தான். ஆனால் வெளியில் இருந்து வந்தவர்கள் கைகோத்ததும் எப்போதும் இவர்களோடுதான், விவசாயியோடு அல்ல.

அந்த விவசாயிகளுக்கோ தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகவே தெரியும். அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ 475 டன் கலப்பின விதையை இலவசமாகத் தர முன்வந்தபோது, 2010 ஜூனில் பாப்பாய் விவசாயிகள் இயக்கம் ஹின்ச் ஊரில் ஊர்வலம் போய், அதில் கொஞ்சத்தை எரித்தது. பட்டினி கிடக்கும் நாட்டில் விதையை எரிக்கிறார்களே என்று சிலர் திட்டினார்கள். அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தால் அதே விளைச்சல் தராத விதையை ஒவ்வொரு முறையும் விலைக்கு வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பன்றி விஷயத்தில் பட்டுக் கற்ற பாடம் அது.

இப்போது தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்து, குறிப்பாக ஃபுளோரிடா வழியாக வருகின்றன. நன்கொடை கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுங்கள், ஆனால் ஹைட்டியர்களே நடத்தும், ஹைட்டியர்களுக்கே சம்பளம் தரும் அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள். அரிசி மூட்டை அனுப்பும் திட்டத்துக்கு மட்டும், பேரிடர் நடந்த முதல் சில வாரங்கள் தவிர, ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆர்ட்டிபோனிட்டில் இன்னமும் நெல் நடுகிறார்கள். அவர்களிடம் வாங்கிக் கொடுக்கிறீர்களா என்று அந்த அமைப்பிடம் கேளுங்கள்.