லாக்டோமீட்டர் சரியா காட்டுது, பால்தான் தண்ணியா இருக்கு!

கேள்வி: பத்து வருஷமா ஒரே பால்காரர்கிட்டதான் வாங்குறோம். ரெண்டு மாசமா பால்ல ஆடையே கட்டல. கேட்டா கண்ணு முன்னாடியே லாக்டோமீட்டர் விட்டு காட்டுறாரு, சரியாத்தான் நிக்குது, மழைக்காலத்துல இப்படித்தான்மாங்கிறாரு. வீட்ல ஒன்றரை வயசுப் பேத்தி இருக்கா. என்ன பண்றது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, நீங்க ஆடையைக் கவனிச்சீங்க பாருங்க, அதுதான் முக்கியம். லாக்டோமீட்டருக்கு பாலோட அடர்த்தி மட்டும்தான் தெரியும், கொழுப்பு தெரியாது. தண்ணி ஊத்தினா அளவு இறங்கும், ஆடையை எடுத்தா அளவு ஏறும், ரெண்டையும் சேத்து செஞ்சா கரெக்டா பழைய இடத்துலயே வந்து நிக்கும். இதுல நம்ம ஊரு குளிர் வேற. 27 டிகிரிக்குன்னு போட்ட மீட்டரை காலைல சில்லுனு இருக்கிற பால்ல விட்டா அளவு கூடத்தான் காட்டும்.

அதுக்காக அவரை உடனே திருடன்னு சொல்லிடாதீங்க. ஜெர்சி ரக மாட்டை வித்துட்டு எச்.எஃப்னு சொல்ற ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் ரக மாடு வாங்கியிருந்தாலும் கொழுப்பு குறையும், பசும்புல்லா மேஞ்சாலும் கொஞ்சம் குறையும், பத்து வருஷப் பழக்கம், மாடு மாத்தினீங்களாண்ணான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

பசும்பாலுக்கு கொழுப்பு 3.2 சதவீதம், கொழுப்பும் தண்ணியும் போக மத்த சத்து 8.3 சதவீதமாவது இருக்கணும்னு சட்டம். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 40-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது, வாங்குற நாமளே கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளர்கிட்ட டெஸ்ட் பண்ணிக்கலாம், ஆனா வாங்கும்போதே டெஸ்டுக்கு குடுக்கப் போறேன்னு அவர்கிட்ட சொல்லிடணும். பால் தப்புன்னு வந்தா கட்டின பணம் திரும்ப கிடைக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கிட்ட புகார் குடுத்தாலும் சரி, அவங்க சாம்பிளை நாலு பங்கா பிரிப்பாங்க, அதுல ஒரு பங்கை வேற அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பச் சொல்லி பால்காரரும் கேக்கலாம், அதனால அவருக்கும் அநியாயம் நடக்காது. ரிப்போர்ட் 14 நாள்ல வரணும்.

எனக்கு கவலையெல்லாம் அந்தத் தண்ணி எங்க புடிச்சதுங்கிறதுதான். ஓடைத் தண்ணியா இருந்தா பேத்திக்கு வயித்துப்போக்கு வந்துடும். முடிவு தெரியிற வரைக்கும் பாப்பாவுக்கு மட்டுமாவது பாக்கெட் பால் வாங்கி, நல்லா பொங்க விட்டு காய்ச்சி குடுங்கம்மா.