எழுதிக் கொடுப்பவர்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் பொது மருத்துவ மேற்படிப்பு படிக்கிறேன். பாம்புக்கடியோடு வந்த 112 பேரைப் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. தகவல் முழுக்க நான் வார்டில் நின்று சேர்த்தது. பள்ளியில் தமிழ் மீடியம் என்பதால் இங்கிலீஷ் ஓடவில்லை. கிடைத்த முடிவுகளுக்கு என்ன அர்த்தம் என்று பேசும் விவாதப் பகுதியை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினேன். அது மேற்கோளாகக் கொடுத்த கட்டுரைகளில் இரண்டை எங்கே தேடியும் காணோம். அதன் பெயரையும் ஆசிரியர் வரிசையில் போடு என்கிறான் கூடப் படிப்பவன். மூச்சு விடாதே என்கிறார் சீனியர். எங்கள் துறைப் பெரியவர் ஒருவர் பெயரும் வரிசையில் உண்டு. அவர் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் ஆசிரியர் என்றால், எழுதிக் கொடுத்த மெஷின் ஏன் ஆகக்கூடாது?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள டாக்டர்,

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதைப் பொதுவில் போடுகிறேன்.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பெரியப்பா வயலை விற்றபோது ஒரு வரிகூட அவர் எழுதவில்லை, எழுதவும் வராது. ஆனாலும் பத்திரத்தில் ‘எழுதிக் கொடுப்பவர்’ பெரியப்பாதான். நாளைக்கு வில்லங்கம் வந்தால் கோர்ட்டில் நிற்கப்போவது அவர். எழுத்தர் பெயர் கடைசிப் பக்கத்தில் ‘தயாரித்தவர்’ என்று வரும். அதை யாரும் மறைப்பதில்லை, மேலே தூக்கி வைப்பதுமில்லை.

மருத்துவ இதழ்களும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கின்றன. 2022 நவம்பர் கடைசியில் வந்த சாட்ஜிபிடி, சில வாரங்களிலேயே சில கட்டுரைகளில் ஆசிரியராக ஏறிவிட்டது. சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழு 2023 மே மாதம் விதியைத் திருத்தி, அது கூடாது என்றது. எழுத்துக்கு உதவியிருந்தால் நன்றிப் பகுதியில் சொல்லவேண்டும். தகவலை அலசவோ படம் போடவோ பயன்படுத்தினால் செய்முறைப் பகுதியில். ஆக, உங்கள் நண்பர் சொன்னதும் தப்பு, சீனியர் சொன்னதும் தப்பு.

ஆசிரியர் என்றால் பதில் சொல்லவேண்டியவர் என்பதற்கு ஓர் உதாரணம். 2020 மே 22 அன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கொரோனா நோயாளிகள் 96,032 பேர், ஆசிரியர்கள் நாலு பேர். தகவல் முழுக்க அந்த நாலில் ஒருவருடைய கம்பெனி கொடுத்தது. மூலத்தைக் காட்டு என்றபோது கம்பெனி தரவில்லை. இனி இதற்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது என்று மற்ற மூவரும் ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பதிமூன்றே நாள். வெட்கக்கேடுதான். ஆனால் அந்த வெட்கத்தைப் படுவதற்கு மூன்று ஆட்கள் இருந்தார்கள். மெஷினும் மன்னிப்புக் கேட்கும், அதுவும் உடனே. கேட்ட கையோடு மூன்றாவதாக ஓர் இல்லாத கட்டுரையை எடுத்து நீட்டும்.

உங்கள் பெரியவரும் இதே அளவுகோலில் நிற்கமாட்டார். பொதுவாக மேற்பார்வை பார்த்தது மட்டும் போதாது என்று அந்தக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. ஆய்வில் கை இருக்கவேண்டும், எழுதவோ திருத்தவோ செய்திருக்கவேண்டும், கடைசி வடிவத்தை ஒப்புக்கொள்ளவேண்டும், பதில் சொல்லத் தயாராக இருக்கவேண்டும். நாலும் வேண்டும். அவர் பெயரை அடியுங்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வது எனக்குச் சுலபம். அங்கே தினமும் அவர் முகத்தில் விழிக்கவேண்டியவர் நீங்கள். அதனால் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அவர் இருக்கிறாரே என்று மெஷினுக்கும் இடம் கேட்காதீர்கள்.

இங்கிலீஷ் ஓடாதது ஒரு குறையே இல்லை. எனக்கு வருத்தம் வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் காலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிஷம் வைத்து, உறைந்ததா என்று சரித்துப் பார்த்தவர் நீங்கள். அவர் ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தார், முதலில் யாரிடம் விஷம் இறக்கப் போனார், பஸ் கிடைத்ததா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். விவாதப் பகுதி என்பதே அதுதானே? அதைப் போய் மெஷினிடம் கொடுத்துவிட்டீர்களே. தமிழில் எழுதுங்கள். இங்கிலீஷாக்க மட்டும் அதனிடம் கொடுத்து, வரிவரியாகச் சரிபாருங்கள். காணாமல்போன அந்த இரண்டு மேற்கோளையும் இன்றைக்கே அடித்துவிடுங்கள். மிச்சத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பாருங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அந்த 112 பேரின் கேஸ் ஷீட்டை மெஷினில் ஏற்றினீர்களா? ஏற்றியிருந்தால், பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டா ஏற்றினீர்கள்?